கேரட் சாப்பிட்டால் அடைப்பு திரும்ப வராதா?

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் வைட்டமின் அட்டவணை நடத்திக்கொண்டிருந்தேன். நமக்கெல்லாம் பழகிப்போன அட்டவணைதான். வைட்டமின் ஏ, ரெட்டினால், கேரட், பப்பாளி, முருங்கைக்கீரை, குறைந்தால் மாலைக்கண். எழுதிப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகும்போது இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"டீச்சர், எங்கப்பாவுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்காங்க. வைட்டமின் ஏ சாப்பிட்டா அடைப்பு திரும்ப வராதுன்னு போன்ல வந்துச்சு. நெசங்களா?"

மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. "வைட்டமின் ஏ உடம்புக்கு நல்லதுதான்ப்பா, சாப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டு வைட்டமின் பி-க்குப் போய்விட்டேன். அன்று மாலையே அந்தக் கேள்வியை மறந்தும் போனேன்.

எங்கள் ஊர் விசைத்தறி ஊர். பையனின் அப்பாவும் தறி ஓட்டுபவர். மூன்று வாரம் கழித்து, உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு விவரம் வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். "வாங்க டீச்சர், உக்காருங்க" என்று தறியை நிறுத்திவிட்டு வந்தார். டிவி மேல் ஒரு மாத்திரைப் புட்டி இருந்தது. மஞ்சள் நிறக் காப்ஸ்யூல். எடுத்துப் பார்த்தேன். வைட்டமின் ஏ, ஒவ்வொன்றும் 25,000 யூனிட்.

"நீங்க நல்லதுன்னு சொன்னீங்கன்னு பையன் சொன்னானுங்க. அதுக்கப்புறந்தான் தைரியமா வாங்குனேன். இது இருக்குதுங்கறதால அந்த ஆஸ்பத்திரி மாத்திரைய ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கறேனுங்க. அதப் போட்டா பல் விளக்கும்போது ரத்தம் வருது."

அவர் குறைத்திருந்தது இரத்தம் உறையாமல் இருப்பதற்காகக் கொடுத்த மாத்திரையை. ஸ்டென்ட் வைத்து நான்கே மாதம் ஆகியிருந்தது. அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அன்றே கேட்டேன். "நாளைக்குக் காலையில முதல் வேலையா அவரை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க டீச்சர். அதுவரைக்கும் மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது" என்றார். மறுநாள் போனார்கள். நல்லவேளை, ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஈறில் இரத்தம் வருவதற்கு வேறு வழி சொல்லி, மாத்திரையை முன்போலவே தொடரச் சொல்லி அனுப்பினார்கள். காப்ஸ்யூலை நிறுத்தச் சொன்னார்கள்.

என் பங்கு இதில் எவ்வளவு என்று கணக்குப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் வந்ததை அவர் பாதிதான் நம்பியிருந்தார். மீதிப் பாதி நம்பிக்கையை என் பதில் கொடுத்தது. அதனால் அந்தச் செய்தியைப் பையனிடம் வாங்கி முழுதாகப் படித்தேன். வெறும் பொய்யாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டியிருக்காது. அதன் முதல் பாதி உண்மை. வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாய்டு என்னும் பொருள்கள் இரத்தக்குழாய் மறுபடி சுருங்குவதைத் தடுக்குமா என்று ஆய்வாளர்கள் உண்மையாகவே பல ஆண்டுகள் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதைத்தான் அந்தச் செய்தி விட்டுவிட்டது.

குழாய் ஏன் மறுபடி சுருங்குகிறது?

பத்தாம் வகுப்பில் இதயம் நடத்தும் நாம் கரோனரி தமனியில் கொழுப்பு படிகிறது, அடைப்பு வருகிறது என்பதோடு நிறுத்திவிடுகிறோம். சிகிச்சைக்குப் பிறகு அதே இடம் திரும்பச் சுருங்குவது வேறு கதை. இரண்டும் ஒன்றே என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

1977 செப்டம்பர் 16 அன்று சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஆந்த்ரேயாஸ் குருண்ட்சிக் என்ற மருத்துவர், 38 வயதான ஒருவரின் கரோனரி தமனிக்குள் நுனியில் சிறு பலூன் பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்தி, சுருங்கிய இடத்தில் பலூனை ஊதி விரித்தார். விழித்திருக்கும் மனிதரின் கரோனரி தமனியில் இப்படிச் செய்தது அதுவே முதல்முறை. அந்தப் பலூன்களை அவர் தன் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துச் செய்து பழகியவர். பத்து ஆண்டு கழித்துப் படம் எடுத்துப் பார்த்தபோதும் அந்த முதல் நோயாளியின் தமனி திறந்தே இருந்தது.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. பலூன் மட்டும் பயன்படுத்திய அந்தக் காலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, ஆறு மாதத்துக்குள் அதே இடம் மறுபடி சுருங்கியது. மருத்துவர்கள் இதை ரீஸ்டெனோசிஸ் என்கிறார்கள். மறுசுருக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

காரணம் இதுதான். பலூன் விரியும்போது தமனியின் உட்புறம் கிழிபடுகிறது. உடலைப் பொறுத்தவரை அது ஒரு காயம். முழங்காலில் அடிபட்டால் நடப்பது அங்கேயும் நடக்கிறது. இரத்தத் தட்டுகள் வந்து ஒட்டுகின்றன. அவை வெளியிடும் பொருள்கள் தமனிச் சுவரின் நடு அடுக்கில் இருக்கும் மென்தசைச் செல்களைத் தட்டி எழுப்புகின்றன. இந்தச் செல்களின் வழக்கமான வேலை சுருங்கி விரிந்து குழாயின் விட்டத்தைச் சரிசெய்வது. அவை சாதாரணமாகப் பகுப்படைவது அரிது. காயம் பட்டதும் அந்த வேலையை விட்டுவிட்டு இளம் செல்களைப் போல் மாறுகின்றன. உள் அடுக்குக்கு நகர்ந்து, பகுப்படைந்து பெருகி, தம்மைச் சுற்றிப் பசைபோல் புரதங்களைச் சுரக்கின்றன. குழாய்க்குள் தழும்பு வளர்கிறது. கூடவே, விரிக்கப்பட்ட சுவர் ரப்பரைப் போல ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பவும் பார்க்கும். கால்சட்டைக்குள் தழும்பு இருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. மூன்று மில்லிமீட்டர் அகலக் குழாய்க்குள் இருந்தால் இடமில்லை.

ஆக, மறுசுருக்கம் என்பது பெரும்பாலும் கொழுப்பு அல்ல, தழும்பு. "அடைப்பைக் கரைக்கும்" என்று வரும் செய்திகள் முதல் வரியிலேயே தவறுவது இங்கேதான்.

இது இதயத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. தெரியாமல் ஆசிட் குடித்துவிட்ட குழந்தையின் உணவுக்குழாய், நெடுநாள் செயற்கைச் சுவாசக் குழாய் செருகியிருந்தவரின் மூச்சுக்குழாய், விபத்தில் அடிபட்டவரின் சிறுநீர்ப் பாதை எல்லாம் இதேபோல் காயம் ஆறும்போது சுருங்கக்கூடும். செல்களின் வகை மாறும். காயம் தேவைக்கு மேல் ஆறிவிடுகிறது என்ற அடிப்படை மாறுவதில்லை.

1986-இல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாயைத் தமனிக்குள் நிறுத்தத் தொடங்கினார்கள். சுவர் மடங்கி வருவதை அது தடுத்தது. ஆனால் வலைக் கண்களின் இடுக்கு வழியே தழும்பு வளர்வது நிற்கவில்லை. செல்களையே தடுத்து நிறுத்தும் மருந்து தேவைப்பட்டது. ரெட்டினாய்டு உள்ளே வருவது இந்த இடத்தில்.

வைட்டமின் ஏ செல்லுக்குள் என்ன செய்கிறது?

மாலைக்கண்ணோடு நாம் வைட்டமின் ஏ-யை முடித்துவிடுவதால், அதன் பெரிய வேலை மாணவர்களுக்குத் தெரிவதே இல்லை. கண்ணில் ஒளியை உணர உதவுவது அதன் ஒரு வடிவம். இன்னொரு வடிவம் ரெட்டினாயிக் அமிலம். நாம் உண்ணும் ரெட்டினால் கல்லீரலில் சேமிக்கப்பட்டு, தேவைப்படும் செல்லுக்குப் போய், அங்கே இரண்டு படிகளில் ரெட்டினாயிக் அமிலமாக மாறுகிறது. அது உட்கருவுக்குள் நுழைந்து, டி.என்.ஏ. மேல் அமர்ந்திருக்கும் ஓர் ஏற்பிப் புரதத்தோடு சேர்ந்து, சில ஜீன்களை இயக்குகிறது, சிலவற்றை அடக்குகிறது. சுருக்கமாகச் சொன்னால் ஒரு ஹார்மோன் போலவே நடந்துகொள்கிறது. பிரான்சில் பியர் ஷாம்போன் குழுவும் அமெரிக்காவில் ரொனால்டு எவான்ஸ் குழுவும் 1987-இல் ஒரே நேரத்தில் இந்த ஏற்பியைக் கண்டறிந்து வெளியிட்டன.

ரெட்டினாயிக் அமிலம் செல்லுக்குத் தரும் கட்டளைகளில் முக்கியமானது: பெருகியது போதும், முதிர்ந்து உன் வேலையைப் பார்.

இந்தக் கட்டளைக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு ஷாங்காய் நகரத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒருவகை இரத்தப் புற்றுநோயில் வெள்ளணுக்கள் முதிராமல் பாதியிலேயே நின்று பெருகிக்கொண்டே போகும். வாங் சென்யி என்ற மருத்துவர் அவற்றைக் கொல்லும் மருந்துக்குப் பதிலாக முதிரச் செய்யும் மருந்தைத் தேடினார். 1985-இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு ரெட்டினாயிக் அமிலம் கொடுத்தார். அவள் பிழைத்தாள். 1988-இல் 24 நோயாளிகளைப் பற்றி அவர் குழு எழுதியது. அத்தனை பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. இன்று அந்த வகைப் புற்றுநோய்க்கு உலகம் முழுவதும் இதுவே அடிப்படை மருந்துகளில் ஒன்று. தொல்லை தரும் மாணவனை வெளியே அனுப்பாமல் வகுப்பிலேயே வைத்து வழிக்குக் கொண்டுவருவது போன்ற சிகிச்சை என்று எனக்குத் தோன்றும். ஆசிரியர் புத்தி எங்கே போகும்!

இப்போது தமனிக்குத் திரும்புவோம். அங்கேயும் சிக்கல் அதேதான்: முதிர்ந்த மென்தசைச் செல்கள் வேலையை மறந்து பெருகத் தொடங்கிவிடுகின்றன. அப்படியானால் அதே கட்டளை இங்கும் பலிக்க வேண்டுமல்லவா? ஆய்வகத் தட்டில் வளர்த்த மென்தசைச் செல்களில் ரெட்டினாயிக் அமிலம் சேர்த்துப் பார்த்தார்கள். பெருக்கம் குறைந்தது. எலிகளின் கழுத்துத் தமனியைப் பலூனால் காயப்படுத்தி, ரெட்டினாயிக் அமிலம் கொடுத்துப் பார்த்தார்கள். 1998-இல் வந்த அந்த ஆய்வில் உள்ளே வளர்ந்த தழும்பு குறைந்ததோடு, குழாயின் அகலமும் கூடியிருந்தது. அடுத்து, கொழுப்பு படிந்த தமனிகளைக் கொண்ட முயல்களிலும் நல்ல பலன் தெரிந்தது.

வாட்ஸ்அப் செய்தி இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, "எனவே தினமும் ஒரு காப்ஸ்யூல்" என்று முடித்திருந்தது.

எலிக்குச் சரி, மனிதருக்கு?

எலியில் பலித்தது மனிதரிலும் பலிக்கும் என்று நம்பிச் சூடுபட்ட அனுபவம் இந்தத் துறைக்கு ஏற்கெனவே இருந்தது. சிலாசாப்ரில் என்ற இரத்த அழுத்த மருந்து எலித் தமனியில் தழும்பை வெகுவாகக் குறைத்ததாக 1989-இல் செய்தி வந்தது. உடனே ஐரோப்பாவில் ஏறத்தாழ 700 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 1992-இல் முடிவு வந்தது. மருந்து உண்டவர்களுக்கும் வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் மறுசுருக்கத்தில் வேறுபாடே இல்லை. ஆய்வக எலியின் தமனி இளமையானது, நோயில்லாதது. நம் தறிக்காரரின் தமனி நாற்பது ஐம்பது ஆண்டு பீடிப் புகையும் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்தது. மருந்தின் அளவிலும் அப்படித்தான். எலிக்கு எடைக்கு எடை எவ்வளவோ கொடுத்துப் பார்க்கலாம், மனிதருக்கு முடியாது.

ரெட்டினாய்டுக்கு இன்னும் இரண்டு தனித் தடைகள் உண்டு. மாத்திரையாக விழுங்கினால் அது தமனியின் காயத்துக்கு மட்டும் போகாது. ஜீன்களை இயக்கும் பொருள் உடல் முழுவதும் போகும். கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கும். கல்லீரலைத் தாக்கலாம். இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பைக் கூட்டும். இதய நோயாளிக்கு எந்த மருந்தைக் கொடுக்கத் தயங்க வேண்டுமோ அந்தக் குணம்! அடுத்தது, ரெட்டினாயிக் அமிலத்தைத் தொடர்ந்து கொடுத்தால் உடலே அதை உடைக்கும் நொதியை அதிகமாக உண்டாக்கிக்கொள்கிறது. அதே அளவு மருந்தைக் கொடுத்தாலும் இரத்தத்தில் அதன் அளவு நாளாக ஆகக் குறையும்.

சரி, ரெட்டினாயிக் அமிலம் வேண்டாம், சாதாரண வைட்டமின் மாத்திரையாவது பயன்படுமா? இதையும் மனிதர்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் மான்ட்ரியல் நகரில் பலூன் சிகிச்சை பெறவிருந்த 317 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, வைட்டமின் ஈ. ஒரு குழுவுக்கு புரோபுகால் என்ற மருந்து. ஒரு குழுவுக்கு இரண்டும். ஒரு குழுவுக்கு வெற்று மாத்திரை. பீட்டா கரோட்டின் என்பது கேரட்டுக்கு நிறம் தரும், உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் அதே பொருள். முடிவு 1997-இல் வந்தது. வெற்று மாத்திரை உண்டவர்களிடம் மறுசுருக்கம் 38.9 சதவீதம். வைட்டமின் உண்டவர்களிடம் 40.3 சதவீதம். புரோபுகால் மட்டும் உண்டவர்களிடம் 20.7 சதவீதம். இரண்டையும் சேர்த்து உண்டவர்களிடம் 28.9 சதவீதம்.

இந்த நான்கு எண்களையும் கரும்பலகையில் எழுதி, என்ன புரிகிறது என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். "வைட்டமின் ஒண்ணும் பண்ணலை டீச்சர்" என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு மாணவி மட்டும், "மருந்தோட வைட்டமினையும் சேர்த்தா மருந்தோட பலன் குறையுது" என்றாள். கட்டுரையைப் படித்தபோது நான் அதைக் கவனித்திருக்கவில்லை. புரோபுகாலும் பிறகு இதயத் துடிப்பின் சீரைப் பாதிக்கலாம் என்ற அச்சம் முதலிய காரணங்களால் பரவலாகவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன்.

நேர்மையாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். பீட்டா கரோட்டினைச் சோதித்தது ரெட்டினாயிக் அமிலத்தைச் சோதித்ததாக ஆகாது. பீட்டா கரோட்டினிலிருந்து எவ்வளவு வைட்டமின் ஏ ஆக்குவது என்பதை உடல் தன் தேவைக்கேற்பக் கட்டுப்படுத்திக்கொள்ளும். நிறையக் கேரட் தின்றால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான். ஆனால் நம் பையன் கேட்ட கேள்விக்கு, அதாவது கேரட்டுக்கும் அடைப்புக்கும், இது நேரான பதில்.

மறுசுருக்கத்துக்கு விடை வேறு பக்கமிருந்து வந்தது. பசிபிக் கடலில் இருக்கும் ஈஸ்டர் தீவுக்கு 1964-இல் போன கனடா நாட்டுக் குழு கொண்டுவந்த மண்ணில் ஒரு பாக்டீரியா இருந்தது. அதிலிருந்து கிடைத்த பொருளை மான்ட்ரியலில் ஆராய்ந்தவர்களில் முன்னின்றவர் சுரேந்திரநாத் சேகல், பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் பிறந்தவர். தீவின் உள்ளூர்ப் பெயரான ராப்பா நூயியிலிருந்து ராப்பாமைசின் என்று பெயர் வந்தது. சிரோலிமஸ் என்றும் சொல்வார்கள். அதுவும் செல் பகுப்பை நிறுத்துவதே. அதை மாத்திரையாக விழுங்கச் செய்யாமல் ஸ்டென்ட் கம்பியின் மேலேயே பூசினார்கள். காயம் பட்ட இடத்தில் மட்டும் சில வாரங்கள் மெல்லக் கசியும். 2002-இல் வெளியான 238 பேரின் ஆய்வில் ஆறு மாதத்துக்குப் பிறகு, வெறும் கம்பி வைத்தவர்களில் 26.6 சதவீதத்தினருக்கு மறுசுருக்கம். மருந்து பூசியதை வைத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. பிறகு பெரிய அளவில் பயன்பட்டபோது பூச்சியம் நிலைக்கவில்லை என்றாலும் மறுசுருக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ரெட்டினாய்டு எதுவும் இதுவரை இரத்தக்குழாய்ச் சுருக்கத்துக்கான மருந்தாக ஏற்கப்படவில்லை.

மருந்து பூசிய ஸ்டென்டுக்கு ஒரு விலை உண்டு. தழும்பைத் தடுக்கும் மருந்து, கம்பியின் மேல் இயற்கையான உட்பூச்சு வளர்வதையும் தாமதப்படுத்தும். மூடப்படாத உலோகத்தைக் கண்டால் இரத்தம் உறையப் பார்க்கும். உறைந்தால் மெல்ல மெல்ல அல்ல, ஒரே நொடியில் முழு அடைப்பு, மாரடைப்பு. அதற்காகத்தான் மருத்துவர் சொல்லும் மாதங்கள் வரை அந்த இரண்டு மாத்திரைகள். தழும்புக்குப் பயந்து காப்ஸ்யூல் வாங்கியவர், உறைதலைத் தடுக்கும் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டிருந்தார். இதை அவரிடம் விளக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. வகுப்பில் நான் மிச்சப்படுத்தியது ஐந்து நிமிடம்.

வகுப்பறையில்

குழாய் கொஞ்சம் சுருங்கினாலே ஏன் இவ்வளவு பயம் என்று மாணவர்கள் கேட்பார்கள். ஹார்டுவேர் கடையில் 8 மி.மீ., 4 மி.மீ. உள்விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய்களை ஒரே நீளத்துக்கு வாங்கினேன். ஒரே உயரத்தில் வைத்த வாளியிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் இறங்க எவ்வளவு நேரம் என்று பார்த்தோம். சீராக, அமைதியாக ஓடும் திரவத்துக்குப் பாய்வின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் பாய்வு பதினாறில் ஒரு பங்கு. எங்களுக்குப் பதினாறு வரவில்லை, ஆறு மடங்குக்குச் சற்று மேல்தான் வந்தது. தண்ணீர் வேகமாகச் சுழன்று ஓடியதுதான் காரணம். அதையும் பேசினோம், கணக்கு ஆசிரியர் வந்து அடுக்குக்குறியை அங்கேயே நடத்திவிட்டுப் போனார். உடல் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும் என்பதால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது சுருக்கம் தெரியாது. பையனின் அப்பாவுக்கு முதலில் நெஞ்சு அடைத்தது பாவு பீமைத் தூக்கும்போது.

வைட்டமின் ஏ என்றாலே ஆபத்து என்று யாரும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது. ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படும் வைட்டமின் ஏ திரவம் அவசியமானது. கல்லீரல் அதைச் சேமித்து வைத்துச் செலவிடும். நம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் மதுரை அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையினர் 15,419 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், வாரம் ஒருமுறை சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. 1990-இல் வெளியான இந்த ஆய்வு நம் மாநிலத்திலேயே நடந்தது என்பது மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். குறைவாக இருப்பவருக்குக் கொடுப்பது வேறு. போதுமான அளவு இருப்பவர் தினமும் விழுங்குவது வேறு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் தொடர்ந்து வேண்டாம் என்பது பொதுவான வரம்பு. டிவி மேல் இருந்த காப்ஸ்யூல் அதைப்போல் இரண்டரை மடங்கு. அமெரிக்காவில் புகைபிடிப்போரையும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களையும் சேர்த்து 18,314 பேருக்கு பீட்டா கரோட்டினும் 25,000 யூனிட் வைட்டமின் ஏ-யும் கொடுத்துச் சோதித்த ஆய்வை 1996-இல் பாதியில் நிறுத்தினார்கள். அவற்றை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடியிருந்தது. பீடி பிடிப்பவர் வீட்டில் அந்தப் புட்டி இருந்ததை நினைத்தால் இந்த எண் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மேல்நிலை வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முகப்பருவுக்கு உள்ளே சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையும் ரெட்டினாய்டுதான். தோல் மருத்துவர் பார்த்து, பரிசோதித்துக் கொடுக்க வேண்டியது. கருவுற்ற பெண் எடுக்கவே கூடாதது. தோழிக்குச் சரியானது என்று கடையில் பெயர் சொல்லி வாங்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. முகப்பரு பற்றிப் பேசினால் வகுப்பு சிரிக்கும், ஆனால் கவனிக்கும்.

அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு. இதயப் பாடம் வந்தபோது, அப்பா கொடுத்தனுப்பினார் என்று ஆஞ்சியோ சிடியைக் கொண்டுவந்தான். அவரிடம் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். "தாராளமாப் போட்டுக் காட்டுங்க டீச்சர்" என்றார். பள்ளிக் கணினியில் சிடி போடும் வசதி இல்லாததால் சக ஆசிரியர் ஒருவரின் பழைய லேப்டாப்பில் போட்டோம். பெயர் தெரியும் மூலையில் காகிதம் ஒட்டி மறைத்தோம். துடிக்கும் தமனி கறுப்பாக ஓடியது. நடுவில் ஓரிடத்தில் நூல்போல் மெலிந்திருந்தது. அடுத்த படத்தில் அதே இடம் நிமிர்ந்திருந்தது. "கம்பி எங்க டீச்சர்?" என்றார்கள். எனக்கும் முதலில் தெரியவில்லை. பையன் எழுந்து வந்து திரையில் விரல் வைத்துக் காட்டினான்.